பழைய ரோட்ஸ்டரின் எடையைக் குறைக்க: உரிப்பதா, மாற்றுவதா?

1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா ரோட்ஸ்டர், துணிக் கூரையை மடக்கிவிடும் இரண்டு சீட் கார். அதன் எடையே 940 கிலோதான். 1600 சிசி, 120 குதிரைசக்தி. "இதில் குறைக்க இன்னும் என்ன இருக்கிறது?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நகோயாவில் வண்டியை வாங்கிய முதல் மாதமே எனக்கு அந்தக் கிறுக்கு பிடித்துவிட்டது.

வழி இரண்டு. கார்பெட், சத்தத்தை அடக்கத் தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட், ஏசி என்று உள்ளே இருப்பதை உரித்துப் போடுவது ஒன்று. போல்ட்டைக் கழற்றி, லேசான சைலன்சர், சீட், பேட்டரி மாட்டுவது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. முதல் வழியில் பாதி தூரம் போய்த் திரும்பியவன்.

உரிக்கச் செலவு இல்லை, சரி. தார் ஷீட்டின் மேல் டிரை ஐஸைப் பரப்பிக் கொஞ்ச நேரம் விட்டுத் தட்டினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். (கதவுகள் திறந்தே இருக்கட்டும், வாயு உள்ளே தேங்கும்.) இடது பக்கத்தை மட்டும் பெயர்த்துத் தராசில் வைத்தேன். நாலு கிலோகூட வரவில்லை. அதற்குக் கூலியாக கியர்பாக்ஸ் சூடு காலில் அடித்தது; மழையில் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்த மாதிரி சத்தம். வலது பக்கத்தைத் தொடவில்லை.

மாற்றும் வழியில் முதல் காசு சைலன்சருக்குத்தான் போகவேண்டும். பழையது 16 கிலோ இருந்தது, அதுவும் வண்டியின் வால்நுனியில். புதியது அதில் பாதி. வளைவில் பின்பக்கம் திரும்பும் விதமே மாறிவிட்டது. பக்கெட் சீட்டில் ஐந்து கிலோ குறைந்தது. கார்பன் பானெட் வேண்டாம். கம்பெனி பானெட்டே அலுமினியம்தான். கம்பெனியின் 14 அங்குல அலாய் வீலும் ஐந்தரை கிலோதான். அழகுக்காக 16 அங்குலம் போடுகிறவர்கள் எடையைக் கூட்டிக்கொள்கிறார்கள். லித்தியம் பேட்டரி ஒரு குளிர்காலத்தைத் தாண்டிவிட்டது. ஒரு வருஷ அனுபவத்தை வைத்து அதற்கு மேல் நான் எதுவும் சொல்வதாக இல்லை.

என்னைத் தீர்மானிக்க வைத்தது கிலோ கணக்கு இல்லை, திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா என்பதுதான். கழற்றிய சீட்டைச் சனிக்கிழமை காலையில் மாட்டிவிடலாம். ஷாகென் என்ற ஜப்பானின் கட்டாய வாகனச் சோதனையில் எதற்காவது முகம் சுளித்தாலும் கவலையில்லை, பழைய சைலன்சர் கைவசம் இருக்கிறது. ஏசியைப் பிடுங்கினால் கிட்டத்தட்ட 20 கிலோ குறையும், ஆனால் அந்தக் காலத்து வண்டிகளின் ஏசியில் குளிரூட்ட இருப்பது ஆர்12 வாயு. ஓசோன் ஒப்பந்தத்தால் 1995-ஓடு ஜப்பானில் அதன் தயாரிப்பு நின்றது. ஒருமுறை திறந்துவிட்டால், திரும்ப மாட்டும்போது வேறு வாயுவுக்கு மாற்றும் வேலையும் சேர்ந்துகொள்ளும். நகோயாவின் ஆகஸ்ட் புழுக்கம் தெரிந்தவர்கள் ஸ்பானரை எடுக்குமுன் யோசிப்பார்கள்.

விற்கும்போதும் இதே கதைதான். 2018-இல் மாஸ்டாவே இந்த வண்டிக்குத் துணிக் கூரை, நார்டி மர ஸ்டியரிங், 14 அங்குல டயர் வரை மறுபடி கொண்டுவந்தது. அசல் பாகத்துக்கு அவ்வளவு கிராக்கி. போன மாதம் வண்டியைப் பார்க்க வந்தவர் எஞ்சின் பக்கமே போகவில்லை. இடது பக்கக் கார்பெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஷீட் எங்கே?" என்றார். விலையில் கொஞ்சம் குறைத்தே கேட்டார்.

கொடுக்கவில்லை. அசல் சீட்டும் சைலன்சரும் அலமாரியில் குளிர்காலப் போர்வைகளுக்கு அடியில் இருக்கின்றன.