காஃபீன் நீக்கிய காபித்தூள்: ஏழாம் மாதச் சமரசம்

வாசனைக்கு முழு மதிப்பெண், சுவைக்குப் பாதிதான். மூன்று வாரமாக இந்தத் தூளில்தான் காபி போடுகிறேன். முதல் மிடறு நன்றாக இருக்கிறது. ஆறிவிட்டாலோ நனைந்த அட்டையை மென்றதுபோல் ஆகிவிடுகிறது. ஆனாலும் மாற்றமாட்டேன். கர்ப்பகாலத்தில் நாளுக்கு 200 மில்லிகிராம் காஃபீனைத் தாண்ட வேண்டாம் என்பது பரவலான மருத்துவ அறிவுரை. அது நஞ்சுக்கொடியைக் கடந்துவிடும். அதைச் சிதைக்கும் நொதி சிசுவிடம் ஏறக்குறைய இல்லை. பிள்ளை பின்னாளில் ஓரிடத்தில் உட்காராமல் அலைவதற்கு இது காரணமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. (என் மாமியாருக்கு மட்டும் சந்தேகமே இல்லை.)

ஒரு குறை: உறையில் 'காஃபீன் அறவே இல்லை' என்று அச்சிட்டிருக்கிறார்கள். இவ்வகைக் காபியிலும் கோப்பைக்குச் சில மில்லிகிராம் மிஞ்சும். அதைச் சொல்லிவிட்டே விற்கலாமே!