ரிவாஸா, எஸ்ப்ரோன்செதாவா: யாரிடம் தொடங்கலாம்?

19ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாள், நாடாளுமன்றம், கவிதை மூன்றையும் ஒரே வாழ்வில் கண்ட இருவர் ரிவாஸ் கோமகன் ஆன்ஹெல் தெ சாவெத்ரா (1791–1865), ஹோசே தெ எஸ்ப்ரோன்செதா (1808–1842). கவிதையின் வேகம் மட்டும் போதுமென்றால் எஸ்ப்ரோன்செதா. மூன்று வாழ்க்கையும் ஒன்றையொன்று எப்படித் திருப்பிவிட்டன என்று பார்க்க ரிவாஸ்தான்.

1809 நவம்பரில், நெப்போலியனின் பிரெஞ்சுப் படையோடு நடந்த ஒகான்யா போருக்கு முதல் நாள் நடந்த குதிரைப்படை மோதலில் பதினோரு காயங்களோடு ரிவாஸ் களத்தில் கிடந்தார். செத்துவிட்டார் என்றே விட்டுப்போனார்கள். பயேசா மருத்துவமனையில் படுத்தபடி அதையே பாட்டாக்கினார். வரிக்கு எட்டு அசை. இரண்டாம், நான்காம் வரிகளின் கடைசியில் உயிரொலி மட்டும் ஒத்துவரும்: எஸ்பாதா (வாள்), பதாயா (போர்). ஸ்பானிய நாட்டார் கதைப்பாடலின் யாப்பு இது. இந்தச் சிறு பாட்டிலேயே தொடங்குங்கள்.

எஸ்ப்ரோன்செதாவின் ராணுவ வாழ்க்கை குறுகியது. அரச மெய்க்காவல் படையில் சேர்ந்தார், ஒரு கவிதையால் வெளியேற்றப்பட்டார். அரசியலும் அப்படியே: 1842இல் அல்மேரியாவின் பிரதிநிதி, அதே ஆண்டு மே மாதம் மரணம்.

ரிவாஸின் அரசியலோ நெடியது, உறுத்தலானது. மன்னர் ஏழாம் ஃபெர்னாந்தோ ஆளத் தகுதியற்றவர் என்று 1823இல் வாக்களித்து, மரண தண்டனைக்குத் தப்பி ஓடினார். மால்டாவில் ஆங்கிலேயத் தூதரும் கவிஞருமான ஜான் ஹூக்கம் ஃப்ரேர் அவருக்கு ஷேக்ஸ்பியரையும் வால்டர் ஸ்காட்டையும் காட்டினார். பழைய செவ்வியல் நடை அங்கேதான் உடைந்தது. அதே ரிவாஸ் 1854 ஜூலையில் இரண்டே நாள் பிரதமரானபோது மாட்ரிட் மக்கள்மீது பீரங்கி முழங்கியது. அவருடைய நல்ல எழுத்தில் பெரும்பகுதி இந்த இரு முனைகளுக்கு நடுவே பிறந்தது என்பதே என் கணிப்பு.

ரிவாஸின் நெடுங்கதைப் பாடலான ‘எல் மோரோ எக்ஸ்போசித்தோ’வை முதலில் எடுப்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள், பன்னிரண்டு பகுதி, பல்லாயிரம் வரி. அதற்குப் பதில் ‘தோன் ஆல்வாரோ’ (1835) நாடகம். உரைநடையும் செய்யுளும் கலந்த ஐந்து அங்கம். சரணடையக் கீழே எறிந்த துப்பாக்கி தானே வெடித்துக் காதலியின் தந்தையைக் கொல்லும் முதல் அங்கத்தை நிதானமாகப் படியுங்கள். பிறகு வரும் அழிவு முழுதும் அங்கிருந்தே புறப்படுகிறது. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்தியின் 1862 ஓபராவுக்கு (இசை நாடகம்) மூலம் இதுவே.

எஸ்ப்ரோன்செதாவில் முதலில் ‘கடற்கொள்ளையன் பாட்டு’, அடுத்து ‘சலமான்கா மாணவன்’. இதன் இறுதியில் வரிகள் குறுகிக் குறுகி இரண்டே அசையில் அடங்கும். முற்றுப்பெறாத நெடுங்கவிதை ‘எல் தியாப்லோ முந்தோ’ கடைசியில் போதும். அதன் இரண்டாம் காண்டமான காதலி தெரேசாவுக்கான புலம்பலை மட்டும் முன்னதாகவே தனியே படிக்கலாம். மீதிக் கவிதையோடு அதற்குத் தொடர்பில்லை என்று கவிஞரே அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.