ரிங் வீடியோ டோர்பெல் வயர்டு: கேமரா சரி, கரன்ட் போதுமா?

ரிங் நிறுவனம் 2021-ல் கொண்டுவந்த 'வீடியோ டோர்பெல் வயர்டு', வாசலில் காலிங் பெல் பட்டன் இருக்கும் இடத்தில் மாட்டும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னப் பெட்டி. 1080பி படம், இருட்டிலும் வேலை செய்யும் கேமரா, வந்தவரோடு பேசும் வசதி எல்லாம் உண்டு. பேட்டரியே இல்லாததால் கழற்றி சார்ஜ் போடும் தொல்லை இல்லை. படத்தில் குறை சொல்ல அதிகம் கிடையாது. ஆனால் பேட்டரி இல்லாத பெட்டி என்றால் சுவருக்குள்ளிருந்து வரும் கரன்ட்தான் அதற்கு எல்லாமே. இரவில் தானாக அணைந்து மறுபடி எழுவது, வீட்டுக்குள் இருக்கும் பழைய பெல் உறுமுவது, லைவ் வியூ (போனில் தெரியும் நேரடிப் படம்) திறந்ததும் துண்டித்துக்கொள்வது போன்ற கோளாறுகளுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் டிரான்ஸ்ஃபார்மரும் வயரும்தான்.

இதற்கு வேண்டியது 10 முதல் 24 வோல்ட் ஏசி, 10 முதல் 40 விஏ (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய அளவு) வரை. இங்கேயே ஓர் எச்சரிக்கை. மெயின் கரன்ட்டைக் குறைந்த வோல்டேஜுக்கு இறக்கும் பெல் டிரான்ஸ்ஃபார்மர் வீட்டில் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பல வீடுகளில் காலிங் பெல் மெயின் லைனிலேயே ஓடும். வாசல் சுவிட்ச் பெட்டிக்குள் வருவது ஃபேஸ். அந்த வயரை இதன் திருகில் மாட்டினால் பெல் போவது ஒரு பக்கம், தொட்டவர் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட வீட்டில் 16 வோல்ட் பெல் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் புதிதாகப் போட்டு, மெயின் வயர் ஓடும் பைப்பில் சேர்க்காமல் தனியாக இரண்டு கோர் வயர் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரிங் தனியாக விற்கும் பிளக்-இன் அடாப்டர் இருக்கிறது. ஹாலஜன் விளக்குக்கான எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து மாட்டிவிடாதீர்கள். மேலே 12 வோல்ட் என்று போட்டிருந்தாலும் அது தருவது உயர் அதிர்வெண் கரன்ட், அதுவும் ஓரளவு லோடு இருந்தால்தான் ஒழுங்காகத் தரும்.

பெட்டிக்குள் ஒரு சிறு ஜம்பர் வயர் வரும். மாட்டுபவர்கள் பலர் இதை உதிரி என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். பெரிய தப்பு அதுதான். பழைய டிங்-டாங் பெல்லைத் திறந்தால் ஃப்ரன்ட் (வாசல் பட்டன்), டிரான்ஸ் (டிரான்ஸ்ஃபார்மர்), ரியர் (பின்கதவுப் பட்டன்) என்று மூன்று திருகுகள் தெரியும். ஃப்ரன்ட் திருகுக்கும் டிரான்ஸ் திருகுக்கும் நடுவில் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) வழியாகத்தான் வாசல் பட்டனுக்குக் கரன்ட் போகிறது. சாதாரண பட்டன் என்றால் அழுத்தும் அந்த ஒரு நொடிதான் காயிலில் கரன்ட் ஓடும். கேமராவோ நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கரன்ட் முழுவதும் காயில் வழியே போனால் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு பாதி தூக்கிய நிலையில் துடிக்கும். அதுதான் அந்த உறுமல். காயில் சூடாகும், கேமராவுக்கும் வோல்டேஜ் குறைந்துவிடும். ஜம்பரை ஃப்ரன்டுக்கும் டிரான்ஸுக்கும் குறுக்கே போட்டால் காயில் ஒதுங்கிக்கொள்ளும், கேமராவுக்கு முழு வோல்டேஜ் கிடைக்கும். ஜம்பரைத் தவறிப்போய் ரியர் திருகில் மாட்டியிருந்தால் உறுமல் அப்படியே இருக்கும். முதலில் இதைப் பாருங்கள்.

இதற்குக் கொடுக்கும் விலை, பழைய டிங்-டாங் இனி வாசல் பட்டனுக்கு அடிக்காது. சத்தம் போனில் வரும், அல்லது தனியாக ரிங் சைம் என்ற ஒலிப்பெட்டி வாங்க வேண்டும். பழைய மணி ஓசை வேண்டும் என்பவர்களுக்கு இந்த மாடல் ஏமாற்றம்தான். அவர்களுக்கு கூகுளின் நெஸ்ட் வயர்டு மாடலோ ரிங் ப்ரோவோ பொருந்தும். இரண்டும் 16 முதல் 24 வோல்ட் கேட்கும். பழைய பெல்லுக்குள் மாட்ட ஒரு துணைக் கருவியும் கூடவே வரும். அந்த மாடல்களில் கையேடு சொல்லாமல் ஃப்ரன்ட்-டிரான்ஸ் ஜம்பர் போடக் கூடாது. பழைய பெல்லை அடிக்க வைக்கும் வாசல் கேமரா, பட்டனை அழுத்தியதும் தன் இரண்டு திருகுகளையும் உள்ளுக்குள் சேர்த்துவிடும். நடுவில் காயில் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் நேராக ஷார்ட் ஆகும்.

வோல்ட்டை மட்டும் பார்த்து ஏமாறுவது அடுத்த தப்பு. 16 வோல்ட் 10 விஏ என்றால் 0.6 ஆம்பியர்தான், 16 வோல்ட் 30 விஏ என்றால் கிட்டத்தட்ட 1.9 ஆம்பியர். ரிங் 10 விஏ போதும் என்கிறது, ஆனால் பழசாகிப் போன 10 விஏ டிரான்ஸ்ஃபார்மரை நம்பி இதை மாட்டுவதைப் பரிந்துரைக்க மாட்டோம். பகலில் ஓடும். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும், கரன்ட் தேவை ஏறும், வோல்டேஜ் சரியும், பெல் அணைந்து எழும். பகலில் நன்றாக இருந்து பொழுது சாய்ந்ததும் மக்கர் செய்யும் பெல் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் மீதுதான் முதல் சந்தேகம். 24 வோல்ட் வாங்கினால் இன்னும் பலம் என்று நினைப்பதும் சரியல்ல. லோடு இல்லாதபோது அது 24-ஐத் தாண்டி நிற்கும், இந்தப் பெல்லின் மேல்வரம்போ 24. எங்கள் தேர்வு 16 வோல்ட் 30 விஏ.

அளப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, பெல்லைக் கழற்றிவிட்டு வயர் முனையில் அளந்தால் 16 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் 18, 19 என்று காட்டும். அதைப் பார்த்து 'கரன்ட் சரியாக இருக்கிறது' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பெல்லைச் சுவரில் திருகாமல் வயரிலேயே தொங்கவிட்டு, கேமராவைத் துணியால் மூடி இருட்டாக்கி, லைவ் வியூவைத் திறந்துவைத்துக்கொண்டு பின்பக்கத் திருகுகளில் அளக்க வேண்டும். அப்போது 10-க்குப் பக்கத்தில் சரிந்தால் கோளாறு கையில் சிக்கிவிட்டது. அதே நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மரின் திருகுகளிலும் அளந்து பாருங்கள். அங்கேயும் சரிந்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் பலவீனம். அங்கே 16 நின்று வாசலில் மட்டும் குறைந்தால் நடுவில் வயரோ ஜாயின்ட்டோ கோளாறு.

வயரின் நீளத்தை எல்லோரும் குறை சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அவ்வளவு பெரிய குற்றவாளி இல்லை. 18 ஏடபிள்யூஜி (வயரின் தடிமன் அளவு, எண் கூடினால் வயர் மெலியும்) செப்பு வயர் கிலோமீட்டருக்குச் சுமார் 21 ஓம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வாசல் 20 மீட்டர் என்றால் போய்வர 40 மீட்டர், 0.84 ஓம், அரை ஆம்பியருக்கு இழப்பு அரை வோல்ட்கூட இல்லை. டெலிபோன் வயர் மாதிரி மெல்லிய 24 ஏடபிள்யூஜி என்றால் அதே தூரத்துக்கு 3.4 ஓம், 1.7 வோல்ட் போகும். வழக்கமாக மாட்டிக்கொள்வது ஜாயின்ட்தான். வாசல் துளையிலிருந்து வயரை வெளியே இழுத்து முனையைப் பாருங்கள். செம்பு பளபளக்காமல் கறுத்து, இன்சுலேஷன் ஓரத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அந்த இரண்டு சென்டிமீட்டரை வெட்டியெறிந்து புதுச் செம்பைச் சீவித் திருகின் கீழ் வளைத்து மாட்டினாலே பல பெல்கள் உயிர் பெற்றுவிடும். எந்த வயர் எந்தத் திருகில் என்ற குழப்பம் வேண்டாம். ஏசி என்பதால் மாற்றி மாட்டினாலும் ஒன்றுதான்.

களிம்பு கண்ணில் படாத இடத்தில் இருந்தால் ஓம் சோதனை கைகொடுக்கும். எம்சிபியை (மெயின் போர்டில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) அணைத்து, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலும் வாசலிலும் வயரைக் கழற்றி, வாசல் முனைகள் இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டு மறுமுனையில் அளங்கள். ஜம்பர் அப்படியே இருக்கட்டும், இல்லையென்றால் காயிலின் ஓமும் சேர்ந்து வரும். ஒன்றிரண்டு ஓம் என்றால் சரி. பத்து காட்டினாலோ, வயரை ஆட்டும்போது எண் குதித்தாலோ நடுவில் லூஸ் கனெக்‌ஷன்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு மெயின் வந்தும் மறுபக்கம் பூஜ்யம் என்றால் உள்ளே தெர்மல் ஃபியூஸ் (அதிகம் சூடானால் அறுந்துபோவது) போயிருக்கலாம். அது மறுபடி சேராது, புதிதுதான் வாங்க வேண்டும். வாங்கியதை மாட்டும் முன் எது ஷார்ட் ஆகிப் பழையதைக் கொன்றது என்று கண்டுபிடியுங்கள். திருகின் பின்னால் இரண்டு வயரும் உரசிக்கொண்டிருப்பது சாதாரணமாக நடப்பது. மெயின் பக்க வேலை எலக்ட்ரீஷியனுடையது.

பெல்லின் விளக்கு நிதானமாக எரிந்துகொண்டே ஆஃப்லைன் என்று காட்டினால் அது வைஃபை கோளாறு. இது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும்.

கொல்லைப்புறக் கதவில் சாதாரண பட்டன் இருக்கும் வீட்டில் இன்னொன்றும் நடக்கும். அந்தப் பட்டன் ரியர் திருகு வழியாகப் பழைய பெல்லை வழக்கம்போல அடிக்கும். ஜம்பர் அதைத் தடுக்காது. ஆனால் காயில் இழுக்கும் அந்த நொடியில் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் தடுமாறி, வாசல் கேமரா அணைந்து மறுபடி எழும். பின்கதவுப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசல் திருகில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தால் தெரிந்துவிடும். 30 விஏ டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் தீரும்.