இடுப்பு மூட்டு மாற்றியபின் வலிக்கு: பெங் பிளாக்கா, ஃபேசியா இலியாக்காவா?

முதுகில் ஊசி போட்டுத் தரும் ஸ்பைனல் மயக்கம் தெளியும்போது கிளம்பும் வலிக்கு எந்த பிளாக் (நரம்பருகே மரப்பு மருந்து செலுத்துவது) என்று யோசித்தால், இரண்டை உடனே தள்ளிவிடலாம். லம்பார் பிளெக்ஸஸ் (கீழ்முதுகின் நரம்புப் பின்னல்) ஆழமானது. மருந்து எபிடியூரல் (தண்டுவட உறைக்கு வெளியிலுள்ள இடம்) பக்கம் கசியலாம், ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவருக்கு ஸ்பைனலுக்குரிய அதே கெடுபிடி. ஃபெமரல் (தொடை முன்பக்க நரம்பு) பிளாக் போட்டால் முழங்காலை நீட்ட முடியாது.

மிஞ்சுவதில் ஃபேசியா இலியாக்கா (இடுப்பின் உள்பக்கத் தசையை மூடிய உறைக்கு அடியில் மருந்து பரப்புவது) பழகிய கை. அல்ட்ராசவுண்டில் தட்டையான லீனியர் புரோப் போதும், ஊசியும் நரம்பிலிருந்து தள்ளியே நிற்கும். ஆனால் இங்குவினல் லிகமென்ட்டுக்கு (தொடை இடுக்கிலுள்ள தசைநார்) மேலே போடும் முறைக்கு 40 மி.லி. வரை தேவை. 50 கிலோ பாட்டிக்கு 0.25% பியூபிவக்கைன் என்ற மரப்பு மருந்து 40 மி.லி. என்றால் 100 மி.கி.; கிலோவுக்கு 2 மி.கி. என்ற எல்லை அதிலேயே முடிந்தது. சர்ஜனும் மூட்டைச் சுற்றி மருந்து செலுத்துவாரா என்று முதலிலேயே கேட்காவிட்டால் வம்பு.

என் சாய்வு பெங் பக்கம். 2018-ல் டொரண்டோ குழு விவரித்தது. (பெயர் 'பெரிகேப்சுலர் நெர்வ் குரூப்', அதாவது மூட்டு உறையைச் சுற்றிய நரம்புகள், என்பதன் சுருக்கம்; குழுவில் ஒருவர் பெயரும் பெங்!) 20 மி.லி. போதும். வளைந்த முகமுள்ள கர்விலீனியர் புரோப்பை வைத்து, ஊசியை வெளிப்பக்கமிருந்து உள்நோக்கி, இடுப்பை மடக்கும் சோவாஸ் தசையின் தசைநாணுக்கும் அதன் அடியிலுள்ள எலும்புக்கும் நடுவே கொண்டுபோக வேண்டும். மருந்து ஏறும்போது தசைநாண் மேலே எழும்பினால் இடம் சரி. தசை உப்பினால் முனை தசைக்குள் இருக்கிறது. நிறுத்தி இடம் மாற்றுங்கள். ஒவ்வொரு 5 மி.லி.க்கும் ரத்தம் வருகிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும்.

தீர்மானிப்பது வலியின் அளவல்ல, தொடை முன்தசையின் பலம். அன்று மாலையே வாக்கர் பிடித்து நிற்க வைக்கும்போது முழங்கால் மடங்கினால், புது மூட்டோடு கீழே விழுவார். 2021-ல் வெளியான சிலி ஆய்வில் மூன்று மணி நேரத்தில் தசை தளர்ந்தவர்கள் பெங்கில் 45%, ஃபேசியா இலியாக்காவில் 90%. ஆறு மணி நேரத்தில் 25%, 85%. வலியில் பெரிய வித்தியாசமில்லை, ஆட்களும் 40 பேர்தான். அந்த 45%-ஐயும் கவனியுங்கள்: தசைநாணுக்கு மேலே வழிந்தாலோ, 20 மி.லி.யைத் தாண்டினாலோ மருந்து ஃபெமரல் நரம்பைத் தொட்டுவிடும். 'கால் தளராது' என்று வார்டில் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பெங் தோலை மரக்கச் செய்யாது. தையல் எரிச்சலுக்கு வெளித்தொடைத் தோல் நரம்புக்கு 5 மி.லி. தனியாகப் போடலாம், அல்லது சர்ஜன் காயத்தில் செலுத்தலாம். மூட்டின் பின்பக்க வலி இரண்டிலுமே மிஞ்சும்; பாராசிட்டமாலை நிறுத்த வேண்டாம்.

எலும்பு முறிந்து அறுவைக்குக் காத்திருப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. எப்படியும் நடக்கப்போவதில்லை, ஃபேசியா இலியாக்காவே சுலபம். மற்றவர்களை எந்த பிளாக் ஆனாலும், எழுப்புமுன் முழங்காலுக்கடியில் தலையணை வைத்துக் காலை நீட்டச் சொல்லுங்கள். குதிகால் படுக்கையை விட்டு எழாவிட்டால் வாக்கர் காத்திருக்கட்டும்.