செவிலியர் வேலை என்று சொல்லிப் பராமரிப்பாளர் விசாவை விற்கிறார்கள்: நர்சிங் முடித்த பெண்களின் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

நர்சிங் முடித்து, பதிவு எண் பெற்று, இரண்டு மூன்று ஆண்டுகள் மருத்துவமனை அனுபவமும் சேர்த்துவிட்ட பெண்களைக் குறிவைத்து நடக்கும் ஒரு மோசடியைப் பற்றி இதை எழுதுகிறேன். பிரிட்டனில் செவிலியர் வேலை என்று சொல்லிப் பதினொன்றரை லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு, வீடுகளுக்குச் சென்று முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கான விசாவில் என் மகளை அனுப்பிய நிறுவனத்தின் பெயரை, வழக்கு நிலுவையில் இருப்பதால், இங்கே எழுதவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இராது. ஒரு பலகையை இறக்கிவிட்டு வேறு பலகையை மாட்டுவது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை; ஆனால் ஏமாற்றும் முறை மட்டும் மாறுவதே இல்லை என்பதால், அந்த முறையைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் மகள் 2020இல் பி.எஸ்சி. நர்சிங் முடித்தாள். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்துகொண்டு, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தாள். கொரோனா இரண்டாம் அலை முழுவதும் அங்கேதான் இருந்தாள். சம்பளம் பதினைந்தாயிரத்தைத் தாண்டவில்லை. ஐம்பது படுக்கைக்குக் குறைவான சிறு மருத்துவமனைகளில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று, உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி அமைந்த குழு 2016இலேயே பரிந்துரைத்துவிட்டது. பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கிறது. அரசுப் பணிக்குப் போவதென்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே தொகுப்பூதியத்தில் சேர்ந்து பணி நிரந்தரத்துக்குக் காத்திருக்க வேண்டும். 2015இல் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள் நிரந்தரம் கேட்டு எத்தனை முறை வீதிக்கு வந்தார்கள் என்பதைச் செய்தித்தாள் படிக்கும் எவரும் அறிவர். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வு, ராணுவச் செவிலியர் சேவை, எம்.எஸ்சி. முடித்துக் கல்லூரியில் கற்பிப்பது என்று வேறு வழிகளும் உண்டு. ஒவ்வொன்றும் காலம் கேட்கிறது, சில பணமும் கேட்கின்றன. இந்த நெருக்கடியைத்தான் முகவர்கள் முதலாக்குகிறார்கள்.

2022ஆம் ஆண்டின் இறுதியில் அந்த நிறுவனம் என் மகளைத் தேடி வந்தது. அவளோடு படித்த மூத்த மாணவி ஒருத்தியின் வழியாக வந்தது. ஆள் சேர்த்துவிட்டால் அந்தப் பெண்ணின் சொந்தக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு என்பது பின்னால்தான் தெரியவந்தது. நர்சிங் கல்லூரிகளில் வெளிநாட்டு வாய்ப்புகள் குறித்து இவர்கள் இலவசக் கருத்தரங்கு நடத்துகிறார்கள். இறுதியாண்டு மாணவிகளின் கைப்பேசி எண்கள் அங்கேயே சேகரிக்கப்பட்டுவிடுகின்றன. கல்லூரி வளாகத்துக்குள் நடப்பதால் கல்லூரியே பரிந்துரைத்தது போன்ற ஒரு தோற்றம் தானாகவே வந்துவிடுகிறது.

அலுவலகத்தில் சுவர் முழுக்கச் சான்றிதழ்கள் தொங்கின. கம்பெனிப் பதிவுச் சான்று, ஜி.எஸ்.டி. எண், ஐ.எஸ்.ஓ. சான்று என்று எல்லாவற்றையும் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவை அனைத்தும் உண்மையான ஆவணங்களே. ஆனால், வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் உரிமையை அவற்றில் எதுவுமே தராது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, எந்த நாட்டுக்கு ஆள் எடுப்பதாக இருந்தாலும் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற முகவராக இருக்க வேண்டும். அப்படிப் பதிவு பெற்றவர்களின் பட்டியல் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி உள்ளது. பதிவு பெற்றவர்கூட வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும், அதாவது 35,400 ரூபாய்தான். இதைப் பற்றிப் பின்னர் கேட்டபோது அவர்கள் தந்த பதில், தாங்கள் ஆள் சேர்க்கும் முகவர்கள் அல்லர், ‘விசா ஆலோசகர்கள்’ என்பது. பணம் வாங்கும்வரை வேலை வாங்கித் தருபவர்களாகவும், கேள்வி எழுந்ததும் ஆலோசகர்களாகவும் இருப்பதற்கு வசதியாகவே ஒப்பந்தப் பத்திரத்தை எழுதி வைத்திருந்தார்கள்.

மோசடியின் மையம் ஆங்கிலத் தேர்வில் இருக்கிறது. பிரிட்டனில் செவிலியராகப் பணியாற்ற வேண்டுமானால் என்.எம்.சி. எனப்படும் அந்நாட்டுச் செவிலியர் மன்றத்தில் பதிவு பெற்றே ஆக வேண்டும். அதற்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் கேட்டல், படித்தல், பேசுதல் ஆகியவற்றில் 7ம் எழுதுதலில் 6.5ம் வேண்டும், அல்லது ஓ.இ.டி. தேர்வில் அதற்கு இணையான தரம் வேண்டும். பிறகு சி.பி.டி. என்னும் கணினித் தேர்வை இங்கேயே எழுதலாம். ஓ.எஸ்.சி.இ. என்னும் செய்முறைத் தேர்வை அங்கே போய்த்தான் எழுத முடியும். என் மகள் இந்தத் தேர்வுகளுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அவளிடம் அந்த நிறுவனத்தார் சொன்னது இது: “ஏழெல்லாம் எடுக்க வேண்டியதே இல்லைம்மா. எங்கள் வழியில் போனால் நாலு இருந்தால் போதும். அங்கே போன பிறகு ஆறே மாதத்தில் கன்வெர்ஷன் செய்து நர்ஸாகிவிடலாம்.”

நாலு போதும் என்பது அப்போது பொய் இல்லை. ஏனென்றால், பராமரிப்பாளர் வேலைக்கான விசாவுக்கு அந்த அளவு ஆங்கிலமே கேட்கப்பட்டது. செவிலியர் பதிவு தேவைப்படவில்லை, பட்டம்கூடத் தேவைப்படவில்லை. 2022 பிப்ரவரியில் பிரிட்டன் அரசு பராமரிப்பாளர் வேலையை ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் சேர்த்ததும் இந்தக் கதவு திறந்தது. அதன் வழியே நம் ஊர் முகவர்கள் செவிலியர்களை அனுப்பத் தொடங்கினார்கள். நான்கு ஆண்டுகள் படித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர் பார்த்த பெண்ணுக்கும், பள்ளிப் படிப்போடு நின்றவருக்கும் ஒரே விசாவை ஒரே விலைக்கு விற்றார்கள். செவிலியர் பதிவுக்கு ‘கன்வெர்ஷன்’ என்று ஒரு முறை எந்தச் சட்டத்திலும் இல்லை. அங்கே போனாலும் மன்றம் கேட்கும் ஆங்கிலத் தகுதியைக் காட்டி, அதே சி.பி.டி.யை எழுதியே ஆக வேண்டும், ஆனால் இரவுப் பணி முடிந்து வந்து எழுத வேண்டும்.

பணம் மூன்று தவணையாக வாங்கப்பட்டது. ‘ஆங்கிலப் பயிற்சிக் கட்டணம்’ என்று 40,000 ரூபாய்க்கு மட்டும் ரசீது தந்தார்கள். மீதியில் ஒரு பகுதியை ரொக்கமாகவும், பெரும்பகுதியை நிறுவனத்தோடு தொடர்பில்லாத இரண்டு தனிநபர்களின் கணக்குகளிலும் செலுத்தச் சொன்னார்கள். சரிபார்ப்புக்கு என்று சொல்லி அவளுடைய அசல் சான்றிதழ்கள் அனைத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இதற்கும் அடிப்படை இல்லை: பதிவுச் சரிபார்ப்பு என்பது நம் குழுமத்துக்கும் அந்நாட்டு மன்றத்துக்கும் இடையே நேரடியாக நடப்பது, முகவரின் பீரோவில் அசல் சான்றிதழ் இருக்க வேண்டிய தேவை எந்த நிலையிலும் எழுவதில்லை. அது பிணைக்காக வாங்கியது என்பது கடைசித் தவணை கொஞ்சம் தாமதமானபோது விளங்கியது.

கடைசித் தவணையைக் கட்டிய பிறகே சி.ஓ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஸ்பான்சர்ஷிப் சான்றை, அதாவது விசாவுக்காக அந்நாட்டு முதலாளி வழங்கும் சான்றைக் காட்டினார்கள். அதுவரை எங்களிடம் இருந்த வேலைக் கடிதத்தில் பதவியின் பெயர் ‘நர்சிங் கேர் ஸ்டாஃப்’ என்றிருந்தது. அப்படி ஒரு பதவி எங்கும் இல்லை. சான்றில் பதவிப் பெயரை விட முக்கியமானது தொழிற்குறியீட்டு எண். அப்போதைய பட்டியலில் செவிலியருக்கு 2231, பராமரிப்பாளருக்கு 6145. என் மகளின் சான்றில் 6145 என்றும், ஆண்டுச் சம்பளம் 20,480 பவுண்டு என்றும் இருந்தன. அதே காலத்தில் அந்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பதிவு பெற்ற செவிலியருக்கான தொடக்கச் சம்பளம் 27,055 பவுண்டு. 2024 ஏப்ரலில் குறியீடுகள் மாற்றப்பட்டுப் பராமரிப்பாளருக்கு 6135, மூத்த பராமரிப்பாளருக்கு 6136 என்று ஆகியுள்ளன. இந்த நான்கு இலக்க எண்ணைக் கேட்டால் எந்த முகவரும் “அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம் சார்” என்றுதான் சொல்வார்.

கேட்டதற்கு, பணம் திரும்பாது, அசல் சான்றிதழ்கள் விசா வந்த பிறகே கிடைக்கும் என்றார்கள். நகையும் கூட்டுறவு வங்கியில் இருந்தது, மருத்துவமனை வேலையையும் விட்டாயிற்று. அவள் போனாள்.

அந்த சி.ஓ.எஸ். சான்றுக்காக எங்களிடம் தனியாக ஏழு லட்சம் வாங்கியிருந்தார்கள். சான்றை வழங்குவதற்கு முதலாளி பிரிட்டன் அரசுக்குக் கட்டும் கட்டணம் அப்போது 199 பவுண்டு, ஏறத்தாழ இருபதாயிரம் ரூபாய். வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் பணம் வாங்குவதை அந்நாட்டின் 1973ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு முகமைச் சட்டம் தடை செய்கிறது. முறையாக ஆள் எடுக்கும் அரசு மருத்துவமனைகள் விமானக் கட்டணத்தையும் விசாச் செலவையும் ஓ.எஸ்.சி.இ. தேர்வுக் கட்டணத்தையும்கூடப் பெரும்பாலும் தாங்களே ஏற்கின்றன. ஆக, தகுதியுள்ள செவிலியர் முறையான வழியில் போனால் பெரும்பாலும் செலவின்றிப் போகலாம். தகுதியை மறைத்துக்கொண்டு போவதற்குத்தான் லட்சங்கள் கேட்கிறார்கள்.

அங்கே வாரத்துக்கு 39 மணி நேர வேலை என்று எழுதியிருந்ததில் பாதிகூடக் கிடைக்கவில்லை. ஒரு முதியவர் வீட்டிலிருந்து அடுத்தவர் வீட்டுக்குப் பேருந்தில் போகும் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்கே முழு நேரம் தர முடியும் என்று அப்போது சொன்னார்கள். சிறிது காலத்தில், வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அந்தப் பராமரிப்பு நிறுவனத்துக்கு இருந்த உரிமத்தை அந்நாட்டு உள்துறை ரத்து செய்தது. 60 நாட்களுக்குள் வேறு ஸ்பான்சரை, அதாவது அப்படி உரிமம் உள்ள வேறு முதலாளியைத் தேட வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று கடிதம் வந்தது. இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததன்று. 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை பராமரிப்புத் துறையில் 470க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் இத்தகைய உரிமங்களை ரத்து செய்ததாக அந்த அரசே கணக்கு வெளியிட்டிருக்கிறது. வேறு இடம் தேடியபோது அங்கிருந்த நம்மவர் ஒருவரே இன்னொரு சான்றுக்கு மறுபடியும் லட்சக்கணக்கில் விலை சொன்னார். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

பணத்தை விடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது, அதை எந்த முகவரும் சொல்ல மாட்டார். பராமரிப்பாளராக இருந்த காலம் செவிலியர் அனுபவமாகக் கணக்கில் வராது. வளைகுடா மருத்துவமனைகள் பெரும்பாலும் அண்மைக் கால மருத்துவமனை அனுபவம் இரண்டாண்டு கேட்கின்றன. இடைவெளி விழுந்தவர்கள் மறுபடியும் இங்கே ஒரு வார்டில் தொடக்கச் சம்பளத்தில் சேர்ந்து அந்த ஆண்டுகளை ஈட்ட வேண்டியிருக்கிறது. என் மகள் இப்போது சென்னையில் அப்படித்தான் பணியாற்றுகிறாள். நேர்முகத் தேர்வில் அந்தக் காலத்தை இடைவெளி என்றே குறித்துக்கொண்டார்கள்.

2025 ஜூலை 22 முதல் வெளிநாடுகளிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளர்களை எடுப்பதைப் பிரிட்டன் நிறுத்திவிட்டது. எனவே இன்றும் யாராவது அந்த வேலைக்கு முன்பணம் கேட்டால் அது முழுப் பொய். ஆனால் அந்த நிறுவனம் ஓயவில்லை. அதன் பலகையில் இப்போது ஜெர்மனி ஏறியிருக்கிறது. அங்கும் விஷயம் ஒன்றேதான்: நம் படிப்புக்கு அந்நாட்டு அங்கீகாரம் கிடைத்து, ஜெர்மன் மொழியில் பொதுவாக பி2 நிலையும் எட்டினால்தான் செவிலியர், அதுவரை உதவியாளர் பணியும் உதவியாளர் சம்பளமும்தான். அந்த இடைக்காலம் எவ்வளவு, அங்கீகாரத் தேர்வுக்கான செலவு யாருடையது, நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வளைகுடாவுக்கு என்றால், செவிலியரை வீட்டுப் பணியாளர் விசாவிலோ சுற்றுலா விசாவிலோ அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. குவைத், சவுதி உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம் என்று 2015இல் விதித்ததற்குக் காரணமே, கொச்சியில் 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது லட்சத்துக்கு மேல் வாங்கிய வழக்கு போன்றவைதாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இயங்குகிறது. அதன் அறிவிப்புகள் மெதுவாகத்தான் வரும், இடங்களும் குறைவு, ஆனால் கட்டணம் அச்சில் இருக்கும்.

நாங்கள் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலும் மாவட்டக் குற்றப் பிரிவிலும் புகார் கொடுத்தோம். சம்பவம் 2024 ஜூலைக்கு முந்தையது என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆவது பிரிவின் கீழும், குடிபெயர்வுச் சட்டத்தின் கீழும் வழக்குப் பதிவாகியிருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் தனியாக மனு போட்டிருக்கிறோம். ரொக்கமாகக் கொடுத்ததை நிரூபிப்பது கடினமாக இருக்கிறது. தனிநபர் கணக்குகளுக்கு அனுப்பிய வங்கிப் பதிவுகளும், “நர்ஸாகிவிடலாம்” என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளும்தான் இப்போது வழக்கைத் தாங்கி நிற்கின்றன. இதே நிறுவனத்தால் பாதிக்கப்பட்ட வேறு சில குடும்பங்களும் தேடி வந்தன. அவர்களில் சிலரால் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்ல முடியவில்லை; மகள் அங்கேயே ஏதாவது ஒரு வழியில் நர்ஸாகிவிடுவாள் என்று காத்திருந்ததில், மனு போடுவதற்கான இரண்டு ஆண்டுக் கெடு கடந்துவிட்டிருந்தது. அந்தக் கெடுவுக்குள் இருப்பவர்கள் ரசீது, வங்கிப் பதிவு, சி.ஓ.எஸ். நகல் ஆகியவற்றோடு உடனே மனு போட்டுவிடுங்கள். ஆணையத்தின் இணையதளம் வழியாகவே போடலாம்.