மேக்சேஞ்சர்: ஒரு வருடம் பயன்படுத்தியதில் தெரிந்தது

ஆடிட் வேலைக்காக மாதத்தில் பத்து நாள் வெளியூர் லாட்ஜில்தான் தங்கல். போன வருடம் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் இருந்தவர், "சார், நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வேலை போல" என்றார். அவர் முன்னால் இருந்த திரையில் என் லேப்டாப்பின் மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்), அது வைஃபையில் சேர்ந்த நேரம், விலகிய நேரம் எல்லாம் வரிசையாக இருந்தன. முந்தைய மாதம் தங்கிய நாட்களும் அதில் இருந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை. அன்று இரவே என் லேப்டாப்பில் ஓடும் டெபியன் லினக்ஸில், அந்த எண்ணை மாற்றிக் காட்டும் மேக்சேஞ்சர் என்ற மென்பொருளை நிறுவினேன்.

மேக் அட்ரஸ் 48 பிட் எண். முதல் பாதி தயாரித்த கம்பெனியைக் காட்டும், மறுபாதி அந்தக் கார்டை. கார்டில் பதிந்த எண்ணை மேக்சேஞ்சர் தொடுவதில்லை, வெளியே சொல்லும் எண்ணை மட்டும் மாற்றுகிறது. அதனால் பயப்பட ஒன்றுமில்லை. நிறுவும்போதே 'தானாக மாற்றட்டுமா' என்று கேட்கும், ஆம் என்றால் போதும். கேபிள் இணைப்பை நான் பழைய முறையில் இன்டர்ஃபேஸஸ் என்ற அமைப்புக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன். அங்கே ஒவ்வொரு முறை கம்ப்யூட்டரைப் போடும்போதும் புது எண்தான், ஒரு நாளும் தவறியதில்லை. கேபிளுக்கு 5க்கு 5 தருவேன்.

வைஃபையில் கதை வேறு. அங்கே பொறுப்பு, இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருளுடையது. மேக்சேஞ்சர் போட்ட எண்ணை அது ஒதுக்கிவிட்டுத் தன் கணக்குப்படி இன்னொன்றைப் போட்டுவிடுகிறது. நான் இரண்டு வாரம் மாறிவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் டெர்மினலில் பார்த்தால், இப்போதைய எண்ணும் நிரந்தர எண்ணும் ஒன்றே! வைஃபைக்கு 2க்கு மேல் தர மனமில்லை.

இதற்கு வேறு மென்பொருள் தேடி அலைய வேண்டாம். நெட்வொர்க்மேனேஜரிலேயே 2016இல் வந்த 1.4 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. க்னோம் டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸில் அந்த வைஃபையின் பல்சக்கரத்தை அழுத்தி, ஐடென்டிட்டி பக்கத்தில் 'குளோன்ட் அட்ரஸ்' என்ற இடத்தில் ரேண்டம் என்று வைத்தால் இணையும்போதெல்லாம் எண் மாறும்.

சரி, இப்போது முழுசாக மறைந்துவிட்டோம் என்று அடுத்த மாதம் அதே லாட்ஜுக்குப் போனேன். பட்டியலில் எண் புதுசு, பக்கத்திலேயே என் பெயர்! நெட்வொர்க்கில் சேர ஐபி முகவரி கேட்கும்போது லேப்டாப் தன் ஹோஸ்ட்நேமையும், அதாவது கம்ப்யூட்டருக்கு நாம் வைத்த பெயரையும், சேர்த்து அனுப்புகிறது. நான் அதற்கு என் பெயரையே வைத்திருந்தேன். எண்ணை மாற்றுகிறவர்கள் முதலில் அதை மாற்றுங்கள். போன் நம்பரும் ஓடிபியும் கேட்டு உள்ளே விடும் இடங்களில் எண் மாறியும் பலன் குறைவு, நாமே நம்மைச் சொல்லிவிடுகிறோம். மேக் அட்ரஸ் ரவுட்டரைத் தாண்டிப் போவதும் இல்லை. இணையதளங்களிடமிருந்து மறைய நினைப்பவர்களுக்கு இது உதவாது.

இன்னொரு லாட்ஜில் அறைக்கு இரண்டு சாதனம்தான் கணக்கு. எண் மாறும் ஒவ்வொரு முறையும் புது சாதனமாகக் கணக்கானதால், லேப்டாப்பை மூன்றாம் முறை திறந்தபோது நெட் கிடைக்கவில்லை. அங்கே ரேண்டமுக்குப் பதில் 'ஸ்டேபிள்' என்று மாற்றினேன். அந்த வைஃபைக்கு எப்போதும் ஒரே எண், வேறு வைஃபைக்கு வேறு எண்.

வீட்டிலும் இப்போது ஸ்டேபிள்தான். மனைவியின் போனிலிருந்து படங்கள் இரவில் என் லேப்டாப்புக்கு வந்து சேரும். அதற்காக ரவுட்டரில் ஒரு ஐபி ஒதுக்கியிருந்தேன், எண் மாற மாற அது நின்றுபோயிருந்தது. ஸ்டேபிள் கொடுத்த எண்ணை ரவுட்டரில் பதிந்த அன்று இரவே நான்கு நாள் படங்களும் மொத்தமாக வந்து இறங்கின.