நான்கு ஆண்டுச் சந்தாவும் 61 ஜிபி மூட்டையும்

வட்டுத் துப்புரவு மென்பொருள் ஒன்றின் ஆண்டுச் சந்தா 60 சதவீதத் தள்ளுபடியில் கிடைக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதே மென்பொருளுக்கு நான்கு ஆண்டுகளாகப் பணம் கட்டி வருபவன் நான். இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். சென்ற மாதம் நடந்த ஒன்று இன்னும் உள்ளே புகைந்துகொண்டிருப்பதால் நீட்டியே எழுதுகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை.

முதலில் நியாயம். என்னைக் கேட்காமல் இது எதையும் அழித்ததில்லை. ஒரே புகைப்படம் மூன்று கோப்புறைகளில் கிடந்தால் மூன்றையும் அருகருகே வைத்துக் காட்டி, எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும். அந்த ஒரு வசதிக்கு இன்றும் குறை சொல்ல மாட்டேன். ஒருமுறை, விண்டோஸின் அமைப்பு விவரங்கள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்கி, ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனைக் கணினி அடையாளம் காணாதபடி செய்துவிட்டது. அன்று இருபதாம் தேதி, தாக்கலுக்குக் கடைசி நாள். அழிக்கும் முன் எடுத்துவைத்திருந்த நகலைக் கொண்டு அதுவே பழைய நிலைக்குத் திருப்பியது. காலை உடைத்துவிட்டுக் கட்டும் போட்டுவிட்டது என்றாலும், கட்டு ஒழுங்காகவே போட்டது. ரெஜிஸ்ட்ரி துப்புரவுக் கருவிகளைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே எழுதிவைத்திருப்பதை அன்றிரவுதான் படித்தேன்.

என்னால் பொறுக்க முடியாதது திரையின் வலது கீழ் மூலையில் எழும்பும் அந்த ஆரஞ்சு நிறப் பெட்டி. "1,186 சிக்கல்கள் கண்டறியப்பட்டன" என்று திங்கட்கிழமை சொல்லும். பொத்தானை அழுத்தினால் 480 எம்பி மீட்டதாகப் பெருமையோடு அறிவிக்கும். புதன்கிழமை மறுபடியும் ஆயிரத்துச் சொச்சம் சிக்கல்கள். அப்படி என்னதான் சிக்கல் என்று பட்டியலை விரித்துப் பார்த்தால், பெரும்பகுதி பிரௌசரின் கேச், குக்கீ, படங்களின் சிறு முன்னோட்டமான தம்ப்நெயில். கேச் என்பது பார்த்த தளம் அடுத்த முறை விரைவாகத் திறப்பதற்காகப் பிரௌசர் சேர்த்துவைப்பது. அழித்தால் மறுநாளே மீண்டும் சேரும். தம்ப்நெயில்களை அழித்த பிறகு படங்கள் கோப்புறையைத் திறந்தால், வெற்றுச் சதுரங்களாக நின்று ஒவ்வொன்றாகத்தான் முகம் தெரியும். தான் அழித்ததால் திரும்ப உருவான கோப்பையே புதிய சிக்கலாக எண்ணிக் காட்டும் இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட இரண்டு ஆண்டுகள் ஆயின.

சென்ற மாதம் 256 ஜிபி எஸ்எஸ்டியில் சி டிரைவ் சிவப்பாகி, 3 ஜிபி மட்டும் மிஞ்சியது. துப்புரவு மென்பொருளை ஓட்டினேன். "உங்கள் கணினி சுத்தமாக உள்ளது" என்று பச்சை நிறத்தில் டிக் போட்டது. வயிறு எரிந்துதான், வட்டில் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் விஸ்ட்ரீ என்ற மென்பொருளை இறக்கினேன். வீட்டு உபயோகத்துக்கு அது இலவசம். கணினியில் எதையும் பார்க்கவும் மாற்றவும் இடம் தரும் அட்மின் அனுமதி கொடுத்ததும் சில நொடிகளில் டிரைவ் முழுவதையும் பல நிறக் கட்டங்களாக விரித்துவைத்தது. வயல் வயலாக இறங்கிச் சங்கிலி போட்டு அளக்காமல், மணியக்காரரிடம் இருக்கும் பதிவேட்டைப் புரட்டுவது போன்ற வேலை அது: விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த வட்டில் எல்லாக் கோப்புகளின் பெயரையும் அளவையும் வைத்திருக்கும் எம்எஃப்டி அட்டவணையை நேரடியாகப் படித்துவிடுகிறது.

கால்வாசித் திரையை அடைத்துக்கொண்டிருந்தது ஒரே மூட்டை. மூன்று ஆண்டுகளுக்கு முன் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்ட என் மனைவியின் ஐபோனுடைய பேக்கப், 61 ஜிபி. போனே வீட்டில் இல்லை! அடுத்ததாக, திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவைத்துக் கணினியை அணைக்கும் ஹைபர்னேட் வசதிக்கு விண்டோஸ் ஒதுக்கியிருக்கும் கோப்பு. என் 16 ஜிபி ரேமில் 40 சதவீத அளவு, 6 ஜிபிக்கு மேல். அதை விட்டுவைத்தேன், அந்த வசதியை நிறுத்தினால் கணினியை விரைவாகத் துவக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் நின்றுவிடும். பேக்கப்பை மட்டும், மனைவியிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டு, அழித்தேன்.

பேக்கப் என்பது குப்பை அன்று, ஒருவருடைய தரவு. துப்புரவு மென்பொருள் அதைத் தொடாதது சரிதான். ஆனால் 480 எம்பிக்குத் தண்டோரா போட்ட வாய், 61 ஜிபியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விஸ்ட்ரீயிலும் ஆபத்து உண்டு. அது காட்டும், தடுக்காது. விண்டோஸ் தன் பாகங்களைச் சேமித்துவைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறை பெரிதாகத் தெரிகிறதே என்று கைவைத்தால் விண்டோஸ் அப்டேட்டே படுத்துவிடும். அதைக் குறைக்க டிஸ்க் கிளீனப் போன்ற விண்டோஸின் சொந்தக் கருவிகள் வழியாகத்தான் போக வேண்டும். அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் வேலையையும் விண்டோஸே வாரம் ஒருமுறை தானாகச் செய்துகொள்கிறது.

இன்னொன்று, இவ்வகைக் கருவிகள் அட்மின் உரிமையோடு ஓடுபவை. 2017இல் சிகிளீனர் என்ற பிரபலமான துப்புரவு மென்பொருளின் 5.33 பதிப்புக்குள், அதை உருவாக்கியவர்களுக்கே தெரியாமல் தீநிரல் புகுத்தப்பட்டு, 22 லட்சத்துக்கும் அதிகமானோரிடம் போய்ச் சேர்ந்தது. நான் பயன்படுத்தியது அதுவன்று. ஆனாலும் இவ்வளவு உரிமையை எதற்காகக் கொடுக்கிறோம் என்று யோசிக்கத்தான் வேண்டும்.

ஆகவே நண்பரே, புகைப்பட வசதியைப் பற்றி நான் சொன்ன நல்ல வார்த்தைகள் அப்படியே நிற்கட்டும், 60 சதவீதத் தள்ளுபடியிலும் வாங்க வேண்டாம். இந்தப் பதிலை அனுப்பிவிட்டு என் கணினியிலிருந்தும் அதை நீக்கப் போனேன். ஆரஞ்சுப் பெட்டி மறுபடியும் எழும்பிற்று: போகாதீர்கள், உங்களுக்கு மட்டும் 75 சதவீதம்.